வால்வு சிகிச்சை பெற்ற குழந்தையின் எக்கோ: ஓர் எண்ணை மட்டும் நம்பும் தவறு

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து பெங்களூரு ஜெயதேவா போன்ற இதய மருத்துவமனைகளுக்கு வருவோரும், அல்சூர், சிவாஜிநகர்ப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பத்தினரும், பிறவி வால்வுக் கோளாறுக்குச் சிகிச்சை பெற்ற குழந்தையின் எக்கோ (ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் சோதனை) ரிப்போர்ட்டில் முதலில் தேடுவது இ.எஃப். என்னும் எண்ணைத்தான். இடது கீழறை தன்னிடமுள்ள இரத்தத்தில் எத்தனை விழுக்காட்டை ஒரு துடிப்பில் வெளியேற்றுகிறது என்பதை அது சொல்கிறது; பொதுவாக 55 முதல் 70 வரை இயல்பு. எண் இந்த வரம்புக்குள் இருப்பதாலேயே இதயம் நலம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வு கசியும் குழந்தையில் இது மிகவும் ஏமாற்றும். கீழறை சுருங்கும்போது இரத்தத்தின் ஒரு பகுதி அழுத்தம் குறைந்த மேலறைக்கே திரும்பிப் போகிறது. அதுவும் வெளியேற்றிய கணக்கில் சேர்ந்துவிடுவதால், தசை தளரத் தொடங்கிய பின்னும் எண் 60 என்றே காட்டக்கூடும். கசிவைச் சரிசெய்தபின் அந்த எண் இறங்கும்போது, ஆபரேஷன்தான் இதயத்தைக் கெடுத்தது என்று பெற்றோர் கலங்குகிறார்கள். உண்மையில் முன்பு மறைந்திருந்த தளர்ச்சியே பெரும்பாலும் அப்போது வெளிப்படுகிறது. ஆகவே கீழறை எவ்வளவு விரிந்திருக்கிறது, தசையின் நீட்சிச் சுருக்கத்தை அளக்கும் ஸ்ட்ரெயின் எவ்வளவு என்பவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நான்கு குறைகள் சேர்ந்து வரும் பிறவி இதய நோயான ஃபாலோ நால்கோளாறுக்கு ஆபரேஷன் செய்துகொண்ட குழந்தைக்கு, பல ஆண்டுகளாகக் கசியும் நுரையீரல் வால்வினால் வலது கீழறையே விரிகிறது. இடப்பக்க இ.எஃப். அதைப் பற்றி நேரடியாக எதுவும் சொல்லாது. வலது கீழறையின் வடிவம் எளிய சூத்திரங்களுக்கு அடங்காததால், அதன் கொள்ளளவை அறிய எம்.ஆர்.ஐ. தேவைப்படுகிறது. எக்கோவே போதும் என்று அதைத் தள்ளிப்போட்டால், வால்வை மாற்ற வேண்டிய காலம் கடந்துவிடலாம்.

வளரும் குழந்தையின் இதயமும் வளரும் என்பதால், சென்ற ஆண்டின் மில்லிமீட்டரோடு இவ்வாண்டின் மில்லிமீட்டரை அப்படியே ஒப்பிடுவதில் பொருளில்லை. உடல் பரப்புக்கேற்ப அளவைத் திருத்திச் சொல்லும் இசட் ஸ்கோரே ஒப்பிடத்தக்கது. பழைய ஃபைலிலிருந்து எடையை எடுத்தெழுதினால் அந்த ஸ்கோரும் பிழையாகும். அன்றன்று உயரமும் எடையும் எடுக்கச் சொல்லுங்கள்.

இடது கீழறையிலிருந்து உடலுக்கு இரத்தம் செல்லும் அயோர்டிக் வால்வு குறுகியிருக்கையில், அதில் இரத்தம் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால், வால்வின் இருபக்க அழுத்த வேறுபாடு 64 மில்லிமீட்டர் பாதரசம் எனக் கணக்கிடுவார்கள். குழந்தை வீறிட்டு அழுதாலோ காய்ச்சலில் இருந்தாலோ இது ஏறும். இதயத் தசை தளர்ந்திருந்தால் குறுக்கம் அப்படியே இருக்க, இது இறங்கும். இறங்கியதைக் கண்டு மகிழ்வதற்கு முன் தசையின் நிலையைக் கேட்டுக்கொள்வது நல்லது. இரத்தக் குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழாயான கதீட்டர் வழியே அளந்த எண் எக்கோ எண்ணைவிடக் குறைவாக இருப்பதும் வழக்கமே; அளக்கும் முறைகள் வேறு.

களைப்பாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் பல குழந்தைகள் இல்லை என்றே சொல்வார்கள், ஏனெனில் அவர்கள் அறிந்த உடல் அது ஒன்றே. பள்ளி வயதினருக்கு டிரெட்மில் சோதனை உதவும். கைக்குழந்தையென்றால் பால் குடிக்கையில் வியர்க்கிறதா, எடை ஏறுகிறதா என்பதைக் கவனியுங்கள். வேறு மருத்துவமனைக்கு மாறினால், ரிப்போர்ட் தாள்களோடு பழைய எக்கோ பதிவுகளின் சி.டி.யையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். புதிய மருத்துவர் அவற்றைத் தம் முறையில் மீண்டும் அளந்து ஒப்பிட முடியும்.