பாத்ரூம் இடுக்குகளில் கறுப்புப் பூஞ்சை: எடுப்பதும், திரும்ப வராமல் பார்த்துக்கொள்வதும்

ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை பெய்தால் போதும், சென்னையில் எங்கள் வீட்டு பாத்ரூம் டைல்ஸ் இடுக்கெல்லாம் மிளகுத்தூள் தூவியது போல ஆகிவிடும். மூன்று வருடம் ஆசிட் ஊற்றித் தேய்த்தே காலம் தள்ளினேன். ஒவ்வொரு முறையும் பளிச்சென்று போகும், பதினைந்தே நாளில் முன்பைவிட அதிகமாக வந்து உட்காரும். டைல்ஸ் போட வந்த ஒருவர் என் விரலைப் பிடித்து அந்த இடுக்கில் தடவிக் காட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது. உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது. இடுக்கில் இருந்த ஒயிட் சிமெண்டை ஆசிட் கொஞ்சம் கொஞ்சமாக அரித்திருக்கிறது. அந்தக் குழிகளில் தண்ணீரும் சோப்பு அழுக்கும் தங்கும். பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

1. அது பூஞ்சைதானா?

குழாயைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருந்தால் அது போர் தண்ணீரின் உப்பு. வாளி அடியிலும் மக்கிலும் இளஞ்சிவப்பாக வழவழவென்று இருந்தால் பெரும்பாலும் பாக்டீரியா, சோப்பு போட்டுத் தேய்த்தாலே போய்விடும். கறுப்பாகவோ கரும்பச்சையாகவோ புள்ளி புள்ளியாக இருப்பதில் ஒரு சொட்டு ப்ளீச் வைத்துப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் நிறம் வெளுத்தால் பூஞ்சை. அப்படியே இருந்தால் வெறும் அழுக்காக இருக்கலாம்.

கூரையில் இருந்தால் அவசரப்படாதீர்கள். அந்த இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் கவரை வெட்டி, நாலு பக்கமும் காற்று புகாமல் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். கவரின் உள்பக்கம், அதாவது கூரையைப் பார்த்த பக்கம், நீர் கோத்திருந்தால் மேல்வீட்டுத் தரையிலிருந்து கசிகிறது. அதை அடைக்காமல் நீங்கள் எத்தனை முறை தேய்த்தாலும் வீண். வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் உங்கள் வெந்நீர் ஆவிதான் காரணம்.

2. கரைசல்

லேபிளில் சோடியம் ஹைப்போகுளோரைட் என்று போட்டிருக்கும் திரவ ப்ளீச் வாங்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 மி.லி. போதும். 10 மி.லி. கோடு போட்ட இருமல் மருந்து மூடியில் ஆறு முறை அளந்தால் சரி. (அந்த மூடியை மறுபடி மருந்துக்கு எடுக்காமல் தூக்கிப் போடுங்கள்.) தேவையான அளவு மட்டும் கலக்குங்கள், கலந்து வைத்தால் வீரியம் போய்விடும்.

இனி சொல்லப்போவதை மட்டும் மறக்கவே கூடாது. ஆசிட், டாய்லெட் கிளீனர், வினிகர் எதுவும் ப்ளீச்சோடு சேரக்கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு வரும். நான் காலையில் தரைக்கு ஆசிட் போட்டுச் சரியாகக் கழுவாமல், சாயங்காலம் அதே தரையில் ப்ளீச் தெளித்தேன். பத்து விநாடியில் கண் எரிந்து, தொண்டை அடைத்து, மொட்டைமாடிக்கு ஓடிப்போய் நின்று இருமினேன். ஆகவே ஒரு நாள் ஆசிட் என்றால், நன்றாகக் கழுவிவிட்டு, ப்ளீச் இன்னொரு நாள்.

ப்ளீச் வாடையே ஆகாது என்பவர்கள் மருந்துக்கடையில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கித் தனியாகத் தெளிக்கலாம். சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து பொங்கவிடும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றை ஒன்று முறித்துக்கொள்வதால் கடைசியில் மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத்தண்ணீர்தான்.

3. தேய்த்தல்

கையுறை, மாஸ்க், பழைய சட்டை. கதவும் வென்டிலேட்டரும் திறந்திருக்கட்டும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் அந்த நேரம் அவர்கள் பக்கத்தில் வர வேண்டாம். பூஞ்சையைக் காய்ந்தபடி சுரண்டினால் அதன் வித்துகள் காற்றில் பறக்கும், அதனால் முதலில் நனையுங்கள். கரைசலைத் தடவி 10 முதல் 15 நிமிடம் விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள்.

வாஷ்பேசின் ஓரத்து சிலிக்கானில் கரைசல் நிற்காமல் வழிந்துவிடும். டிஷ்யூ பேப்பரைத் திரி போல முறுக்கி, கரைசலில் நனைத்து, அந்த ஓரம் முழுக்க ஒட்டிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து எடுங்கள். அப்போதும் கறுப்பு போகவில்லை என்றால் பூஞ்சை சிலிக்கானுக்கு உள்ளேயே இறங்கிவிட்டது. பிளேடால் அறுத்து எடுத்து, நன்றாகக் காயவிட்டுப் புதிதாக வைப்பதுதான் வழி. வைத்த பிறகு ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது.

கூரையில் பூஞ்சைக்கு மேலேயே பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள், பெயிண்ட்டைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும். சுத்தம் செய்து காயவிட்டு, அப்புறம் பிரைமர், அதற்கு மேல் பூஞ்சை பிடிக்காத பெயிண்ட். அரித்துப்போன இடுக்குகளுக்கு மறுபடி ஒயிட் சிமெண்ட் வைக்காமல் எபாக்ஸி கிரவுட் போடச் சொல்லுங்கள். விலை அதிகம், ஆனால் தண்ணீர் குடிக்காது.

4. திரும்ப வராமல் இருக்க

கடைசியாகக் குளிப்பவர் வைப்பரால் சுவரையும் தரையையும் ஒரு இழுப்பு இழுத்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை, யார் இழுப்பது என்ற சண்டைக்குத்தான் ஐந்து நிமிடம். ஈரத்துண்டையும் நனைத்த துணியையும் உள்ளே தொங்கவிடாதீர்கள். உப்புக்கறைக்கு ஆசிட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேன் குளித்து முடித்த பிறகும் அரை மணி நேரம் ஓட வேண்டும். கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளியாவது இருந்தால்தான் வெளிக்காற்று உள்ளே வரும், இல்லாவிட்டால் ஃபேன் சும்மா சுற்றும். அது உண்மையிலேயே இழுக்கிறதா என்று பார்க்க, ஒரு டிஷ்யூ பேப்பரைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். பிடித்து ஒட்டிக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒட்டவே இல்லை. வெளியே எட்டிப் பார்த்தால், அதன் மூடிக்குப் பின்னால் புறா கூடு கட்டி இரண்டு முட்டையும் இட்டிருந்தது. குஞ்சு பறந்து போகிற வரை ஒரு மாதத்துக்கும் மேல் வைப்பரை வைத்தே ஓட்டினோம்.