அப்பாவின் பாட்டுகளுக்கு ஒரு சின்னப் பெட்டி

உவர்மலை வீட்டில் அப்பா சேர்த்த பாட்டுகள் மூன்று பென்டிரைவிலும் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கிலும் சிதறிக் கிடந்தன. இப்போது எல்லாம் ராஸ்பெரி பை 4 என்ற கையளவுக் கணினியில். வீட்டு வைஃபையில் எந்தப் போனிலும் கேட்கலாம்.

முதலில் கரண்ட். 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் டைப்-சி அடாப்டர் வேண்டும். நான் பழைய போன் சார்ஜரில் ஓட்டினேன். டிஸ்க் இடைக்கிடை காணாமல் போகும். ஒரு கிழமையாக டிஸ்க்கைத்தான் திட்டினேன், பாவம். பையின் நான்கு யூஎஸ்பி போர்ட்டும் சேர்ந்தே 1.2 ஆம்பியர்தான் தரும், ஆகவே ஒரு டிஸ்க்கோடு நிறுத்துங்கள்.

ராஸ்பெரி பை இமேஜர் என்ற மென்பொருளில் ஓஎஸ் லைட்டை (பையின் எளிய இயங்குதளம்) மெமரி கார்டில் எழுதும்போதே வைஃபை விவரத்தையும் எஸ்எஸ்எச்சையும் (வேறு கணினியிலிருந்து பையை இயக்கும் வழி) கொடுத்துவிட்டால் மொனிட்டர் தேவையில்லை. அப்புறம் நவிட்ரோம் என்ற பாட்டு சர்வர் மென்பொருளை நிறுவி, பாட்டு ஃபோல்டரைக் காட்டி, பிரவுசரில் பையின் ஐபி முகவரியோடு 4533 போர்ட்டைப் போட்டால் சரி. ரூட்டரில் அந்த ஐபியை நிலையாக்கி வையுங்கள்.

உண்மையான மினக்கேடு பெயர்களில்தான். நவிட்ரோம் பாட்டுகளை அடுக்குவது ஃபைல் பெயரைப் பார்த்து அல்ல, உள்ளே இருக்கும் டேக்கை, அதாவது பாட்டு, பாடகர் பெயர்க் குறிப்பைப் பார்த்து. அப்பா எல்லாவற்றையும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியிருந்தார். திரையில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தது. யூனிகோடுக்கு மாற்றி, எம்பி3டேக் என்ற மென்பொருளில் திருத்த இரண்டு மாதம் போனது. நாதஸ்வரம் மட்டும் இன்னும் மிச்சம்.

பெட்டியைக் கடற்பக்க ஜன்னலில் வைக்காதீர்கள். உப்புக்காற்று போர்ட்டுகளைத் தின்றுவிடும்.