குறைந்த காசில் கேமிங் கொம்பியூட்டர்: வன்னியில் இருந்துகொண்டு எதை வாங்குவது, எதை விடுவது

முதலில் ஒன்றை முடிவெடுங்கள். எல்லாம் புதுச் சாமானாக வாங்கித் தனித்தனியாகப் பூட்டப் போகிறீர்களா, இல்லை பாவித்த ஒஃபிஸ் கொம்பியூட்டர் ஒன்றை எடுத்து அதற்குள் கேமின் படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்ட் ஒன்று போடப் போகிறீர்களா? கை இறுக்கம் என்றால் இரண்டாவதுதான், யோசிக்கவே வேண்டாம். யூடியூப்பில் வரும் 'பட்ஜெட் பில்ட்' பட்டியலை எழுதிக்கொண்டு போய்க் கடையில் நீட்டினால், விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் பஸ் ஏற வேண்டியதுதான். 2022 இல் எங்கள் ரூபாய் விழுந்தபோது டொலர் 200 இல் இருந்து 360 வரை போனது, பிறகு இறங்கியும் பழைய இடத்துக்கு வரவில்லை. போதாததற்கு 2025 கடைசியில் இருந்து ராம் (கொம்பியூட்டரின் தற்காலிக நினைவகம்) விலை உலகம் முழுக்க ஏறியது, ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போவதால். இந்த நிலையில் உள்ளே ராமோடு வரும் பழைய பெட்டி ஒன்று கிடைத்தால் அதுவே பாதி லாபம்.

மிச்சம் பிடிக்கும் காசில் ஒரு பங்கை கறண்டுக்கு ஒதுக்க வேண்டும். இதை எந்த வீடியோவும் சொல்லாது, ஆனால் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கொம்பியூட்டர் சாவது பழசு என்பதால் இல்லை, கறண்டால்தான். அதற்குக் கீழே வருகிறேன்.

பெட்டி

தேட வேண்டியது டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க் மாதிரி கம்பனிகள் கழித்துவிடும் பெட்டிகளை. ஒரே மொடல் மூன்று அளவில் வரும். கையடக்கமான சின்னது, படுக்க வைக்கிற மாதிரி ஒல்லியானது, நிமிர்ந்து நிற்கும் டவர். டவரைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். (அதற்கு 'மினி டவர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், மூன்றிலும் பெரியது அதுதான்.) ஒல்லிப் பெட்டிக்குள் குட்டையான கார்ட் மட்டும்தான் போகும், அந்தக் குட்டைக் கார்ட் கிடைப்பதும் கஷ்டம், கிடைத்தால் விலையும் கூட.

இந்தப் பழைய பெட்டிகளில் புரொசசரின் (கொம்பியூட்டரின் மூளை) பெயரில் கோட்டுக்குப் பிறகு வரும் முதல் இலக்கம்தான் தலைமுறை. ஐ5-4570 என்றால் நான்காவது, ஐ5-6500 என்றால் ஆறாவது, ஐ5-8500 என்றால் எட்டாவது. எட்டாவது எட்டுமானால் அதையே எடுங்கள், ஏனென்றால் அதில் இருந்துதான் ஐ5 க்கு நாலு கோருக்குப் பதில் ஆறு கோர் (ஒரே நேரத்தில் வேலை செய்யும் கூறுகள்) வருகிறது, வின்டோஸ் 11 ஐ மைக்ரோசொஃப்ட் அனுமதிப்பதும் அங்கே இருந்துதான். வின்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. ஆறாவது தலைமுறையில் குறுக்கு வழியில் 11 ஐ ஏற்றலாம், நிறையப் பேர் ஏற்றி ஓட்டுகிறார்கள், ஆனால் வலோரன்ட் விளையாடுகிறவர்கள் கவனம்: டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் 'செக்கியூர் பூட்' செட்டிங்கும் இல்லாமல் வின்டோஸ் 11 இல் அது திறக்காது. ஜிடிஏ 5, பழைய கிரிக்கெட், டோட்டா என்று இருப்பவர்களுக்கு ஆறாவதே தாராளம். நான்காவது மலிவுதான், ஆனால் அதில் இருப்பது டிடிஆர்3 என்ற பழைய வகை ராம், நாளைக்கு வேறு மதர்போட்டுக்கு (எல்லாவற்றையும் செருகும் பலகை) மாறினால் அதைக் கொண்டுபோக முடியாது.

ராம் 16 ஜிபி இருந்தால் நல்லது, ஒரே குச்சியாக இல்லாமல் 8 ஜிபி இரண்டாக. ஒன்று மட்டும் போட்டால் புரொசசருக்கும் ராமுக்கும் நடுவில் உள்ள பாதை பாதியாகிவிடும், கேம் நடுவில் திக்கித் திக்கி ஓடுவதற்குப் பல இடங்களில் இதுதான் காரணம். ஹாட் டிஸ்க்கில் வின்டோஸ் வைக்காதீர்கள். சின்னதாக ஒரு சாட்டா எஸ்எஸ்டி (ஹாட் டிஸ்க்கை விட வேகமான டிஸ்க்) போட்டு, பெட்டியோடு வந்த ஹாட் டிஸ்க்கைப் படம், பழைய கேம் என்று நிரப்ப விட்டுவிடுங்கள்.

கார்ட்

ஒஃபிஸ் பெட்டியின் பவர் சப்ளை (சுவர்க் கறண்டை மாற்றி உள்ளே கொடுப்பது) 240, 290 வோட்ஸ் என்று சின்னதாகத்தான் இருக்கும், கார்ட்டுக்கென்று தனி வயரும் வராது. அதனால் கணக்கு இப்படி: மதர்போட்டில் கார்ட் செருகும் இடம் தன்னளவில் 75 வோட்ஸ் வரை கொடுக்கும், புரொசசர் 65, மற்றதெல்லாம் சேர்ந்து ஒரு முப்பது நாற்பது. கூட்டினால் 200 தாண்டாது. ஆகவே தனி வயர் கேட்காத கார்ட்டாகப் பாருங்கள். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ (2016), ஜிடிஎக்ஸ் 1650 (2019) இரண்டும் அந்த வகை. 1650 இல் சில கம்பனிக்காரர்கள் ஆறு ஊசி வயர் வைத்தும் செய்திருக்கிறார்கள், படத்தில் கார்ட்டின் விளிம்பைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இரண்டுக்கும் இடையில் காசு கொஞ்சம்தான் வித்தியாசம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 1650. 1050 டிஐ இருக்கிற பரம்பரைக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் (கார்ட்டை இயக்கும் மென்பொருள்) தருவதை என்விடியா 2025 ஒக்டோபரோடு நிறுத்திவிட்டது, இனிப் பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான். 1650 க்கு அது இன்னும் வருகிறது.

விளம்பரங்களில் ஆர்எக்ஸ் 580 மலிவாகக் கிடக்கும். பெரிய கார்ட், 8 ஜிபி, ஆசை காட்டும். 2022 செப்டெம்பரில் எதீரியம் என்ற டிஜிட்டல் காசு முறை மாறி, கார்ட்டுகளை ஓட்டி அதைச் சம்பாதிக்கும் மைனிங் படுத்ததும் பெட்டி பெட்டியாக வெளியே வந்தவை அவை. அந்தக் கார்ட் 185 வோட்ஸ் கேட்கும். உங்கள் பெட்டியால் கொடுக்க முடியாது. ஹாட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா வயரில் ஒரு மாற்றியைச் செருகிக் கொடுக்கலாம் என்று கடையிலேயே சொல்வார்கள், செய்யாதீர்கள்: அந்த சாட்டா முனை 54 வோட்ஸுக்கு மேல் தாங்காது, உருகி எரியும். 580 இல் '2048எஸ்பி' என்று ஒன்று இருக்கிறது, அது பெயர் மாற்றிய 570, ஒரு படி குறைந்த கார்ட்.

போலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்து வருடத்துக்கு மேலான கார்ட் ஒன்றின் பயோஸை (கார்ட்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) மாற்றி எழுதி 1050 டிஐ என்று விற்கிறார்கள், வின்டோஸும் அதை நம்பி அதே பெயரைக் காட்டும். இரண்டு சோதனை போதும். ஒன்று, கார்ட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள்: பழைய மொனிட்டருக்குப் போகும் நீல நிற விஜிஏ துவாரம் இருந்தால் அது 1050 டிஐயும் இல்லை, 1650 உம் இல்லை. இரண்டு, ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள், பெரும்பாலான போலிகளை அது பெயருக்கு முன்னாலேயே காட்டிக் கொடுத்துவிடும்.

எங்கே வாங்குவது? பெட்டியை வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ எடுங்கள். கொழும்பில் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் தெரிவு கூட, விலையும் குறையலாம், ஆனால் ஒரு மாத வாரன்டியை நம்பி முல்லைத்தீவில் இருந்து மாங்குளம் வந்து, அங்கே இருந்து இரவு பஸ் பிடித்து, ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பப் போய் வந்தால் மிச்சம் பிடித்த காசு போக்குவரத்தில் போய்விடும். கார்ட் சின்னச் சாமான், அதைக் கொழும்பில் எடுக்கலாம். இணைய விளம்பரம் பார்த்து எடுப்பதானால் முன்காசு அனுப்ப வேண்டாம். "அண்ணா, உங்கட வீட்டிலேயே போட்டு ஒரு கால் மணித்தியாலம் கேம் ஓட்டிக் காட்டுங்கோ, பிறகு காசைப் பிடியுங்கோ" என்று சொல்லுங்கள். நல்ல சாமான் வைத்திருப்பவர் ஓம் என்பார். சாட்டுச் சொல்பவரிடம் விலை பேசவே வேண்டாம். பஸ்ஸில் கொண்டுவரும்போது கார்ட்டைப் பெட்டிக்குள் பூட்டியபடி கொண்டுவராதீர்கள், கழற்றித் துணியில் சுற்றிக் கையில் வையுங்கள். கிறவல் ரோட்டுக் குலுக்கலில் கார்ட்டின் பாரம் மதர்போட்டை உடைத்துவிடும்.

கறண்ட்

முதல் வேலை ஏர்த். கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் விறுவிறு என்று கையில் ஏறுகிறதா? பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டி, கசியும் சின்னக் கறண்டை ஏர்த் வயருக்குள் அனுப்பும்படி செய்யப்பட்டது. உங்கள் வீட்டில் அந்த வயருக்கு நிலத்தோடு தொடர்பு இல்லாவிட்டால் அது இரும்பிலேயே நிற்கும். பிளக் பொயின்டில் மூன்று துவாரம் இருப்பதால் ஏர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை, பல வீடுகளில் மூன்றாவது துவாரத்துக்குப் பின்னால் வயரே இல்லை. வயரிங் தெரிந்தவர் ஒருவரைக் கூப்பிட்டு ஏர்த் கம்பியையும் ட்ரிப் சுவிட்சையும் பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் நிலம் காய்ந்து பாளம் விடும்போது கம்பி சரியாக இருந்தாலும் ஏர்த் பலவீனப்படும், கம்பியடியில் இடைக்கிடை ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவது வீண் வேலை இல்லை.

அடுத்தது வோல்டேஜ். லைன் முடியும் இடத்தில் வீடு, சுற்றிவரத் தோட்டக் கிணற்று மோட்டர்கள் என்றால் பின்னேரத்தில் பல்ப் மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பவர் சப்ளையின் லேபிளைப் படியுங்கள். 100-240 என்று இருந்தால் அந்த இறக்கம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, டெல், எச்பி பெட்டிகளில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். பெயரில்லாத மலிவு சப்ளைகளில் பின்னுக்கு ஒரு சின்னச் சிவப்பு சுவிட்ச் இருக்கும், 115/230 என்று. அது 115 இல் கிடக்கும்போது எங்கள் 230 ஐக் கொடுத்தால் ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்த மாதிரி சப்ளை உள்ள பெட்டியையே தவிர்ப்பது நல்லது.

யூபிஎஸ் (கறண்ட் போனால் பற்றரியில் கொஞ்ச நேரம் ஓட்டும் பெட்டி) ஒன்று கட்டாயம், கேமைக் காப்பாற்ற இல்லை, திடீரென்று போய்த் திடீரென்று வரும் கறண்டில் இருந்து டிஸ்க்கையும் சப்ளையையும் காப்பாற்ற. 650 விஏ என்று எழுதியிருப்பது 650 வோட்ஸ் இல்லை, நாநூறுக்கும் குறைவு, ஆனாலும் மேலே சொன்ன பெட்டிக்குக் காணும். சில சப்ளைகளுக்கு மலிவு யூபிஎஸ் தரும் கறண்ட் ஒத்துவராமல் மாறும் கணத்தில் பெட்டி அணைந்துவிடும். ஆகவே வாங்கிய அன்றே கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது யூபிஎஸ் பிளக்கைச் சுவரில் இருந்து பிடுங்கிப் பாருங்கள். அணைந்தால் அடுத்த நாளே கடைக்குக் கொண்டுபோய் மாற்றுங்கள்.

ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடி தொடங்கினால் யூபிஎஸ்ஸை நம்பி இருக்காதீர்கள், பிளக்கையே கழற்றுங்கள். அதைக் கழற்றிவிட்டு ரவுட்டர் வயரை மறப்பவர்கள் அதிகம். சிக்னல் பிடிக்க வீட்டுக்கு மேலே கம்பத்தில் அன்டெனா கட்டியிருக்கிறீர்கள் என்றால், இடி அந்த வழியாக ரவுட்டருக்கும், அங்கே இருந்து லான் வயரில் மதர்போட்டுக்கும் வரும். மலிவான யூஎஸ்பி வைஃபை ஒன்று போட்டால் அந்த வயரே தேவையில்லை.

பூட்டுவது

இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. பிளக்கைக் கழற்றி, இரும்பை ஒருதரம் தொட்டுவிட்டு, ராமை இரண்டு பக்கமும் 'டிக்' என்று விழும்வரை அமத்துங்கள், கார்ட்டைச் செருகி ஆணியை இறுக்குங்கள். பழைய பெட்டி என்பதால் புரொசசரின் காத்தாடியைக் கழற்றி, காய்ந்துபோன தேர்மல் பேஸ்ட்டை (சூட்டைக் கடத்தும் பசை) துடைத்து, புதிதாகப் பயறளவு வையுங்கள். மதர்போட்டில் உள்ள வட்டப் பற்றரியையும் (சிஆர் 2032) மாற்றிவிடுங்கள், ஒவ்வொரு முறையும் நேரம் பிழைப்பது அதனால்தான். மொனிட்டர் வயரை மதர்போட்டில் இல்லை, கார்ட்டில் போட வேண்டும். 'கார்ட் போட்டும் கேம் ஓடவில்லை' என்று கவலைப்படுகிறவர்களில் பாதிப் பேருக்கு வருத்தம் இங்கேதான். மொனிட்டரில் விஜிஏ மட்டும்தான் என்றால் எச்டிஎம்ஐயை விஜிஏ ஆக்கும் மாற்றி ஒன்று வேண்டும். பழைய 1600×900 மொனிட்டர் கையில் இருந்தால் எறியாதீர்கள், முழு எச்டியை விடப் புள்ளிகள் 30 வீதம் குறைவு, சின்னக் கார்ட்டுக்கு அது பெரிய உதவி.

தகரக் கூரைக்குக் கீழே மே, ஜூன் மத்தியானங்களில் கார்ட் 80 பாகை வரை போகும், அதுவரை பயமில்லை. கேம் செட்டிங்ஸில் எஃப்பிஎஸ்ஸை (ஒரு செக்கனில் வரையும் படங்கள்) 60 இல் கட்டிவிட்டால் சூடும் குறையும், காத்தாடிச் சத்தமும் குறையும். சோளகம் வீசும் மாதங்களில் செம்புழுதி உள்ளே பாயாக விரியும். பெட்டியைத் தரையில் வைக்காமல் மேசையில் வையுங்கள், முன்பக்கக் காற்று வழிக்கு மெல்லிய நுளம்பு வலைத் துண்டு ஒன்று ஒட்டி மாதம் ஒருமுறை கழுவுங்கள். பின்னால் கார்ட் செருகாத துளைகளின் தகடுகளைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். பல்லி நுழைவது அந்த வழியாகத்தான், உள்ளே செத்தால் மதர்போட்டையும் சேர்த்துக்கொண்டு போகும்.

கடைசியாக டேட்டா. ஒரு பெரிய கேம் 100 ஜிபி கேட்கும், அதை போன் டேட்டாவில் இறக்குவது நடக்காத காரியம். உங்கள் பக்கேஜில் நள்ளிரவுக்குப் பிறகு தனி டேட்டா இருந்தால் ஸ்டீமில் (கேம் வாங்கி இறக்கும் தளம்) இருந்து அந்த நேரத்தில் இறக்கலாம். அதை விடச் சுகம், அதே கேம் வைத்திருக்கும் கூட்டாளியின் ஸ்டீம் ஃபோல்டருக்குள் 'ஸ்டீம்ஆப்ஸ்', அதற்குள் 'கொமன்' என்பதில் இருக்கும் கேம் ஃபோல்டரை வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து வருவது. உங்கள் பெட்டியில் அதே இடத்தில் வைத்துவிட்டு, உங்கள் கணக்கில் இன்ஸ்டோல் கொடுங்கள். ஸ்டீம் இருக்கிற ஃபைல்களைச் சரிபார்த்து, குறைகிறதை மட்டும் இறக்கும். ஒரே வைஃபையில் இரண்டு கொம்பியூட்டரும் இருந்தால் டிஸ்க்கும் வேண்டாம், 2023 இல் இருந்து ஸ்டீமே ஒன்றில் இருந்து மற்றதுக்கு நேராக மாற்றும், டேட்டா வெட்டாது.