லாட்ஜ் ஃபயர் அலாரத்தில் எதை முதலில் மாற்றுவது

மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு லாட்ஜ். மூன்று மாடி, மாடிக்கு 14 ரூம். போன பங்குனியில் மேனேஜர் போன் போட்டார். "அண்ணே, பேனல் பழசாப் போச்சு. புதுசுக்குக் கொட்டேஷன் குடுங்க. சித்திரைத் திருவிழாவுக்குள்ள முடிக்கணும், அழகர் வர்றப்ப ஒரு ரூம்கூட காலியா இருக்காது."

போய்ப் பார்த்தேன். மாடிப்படிக்கு அடியில், செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே ஆறு சோன் பேனல், அதாவது அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டி. சோன் என்றால் கட்டடத்தின் ஒரு பகுதி. பச்சை விளக்கு எரிகிறது, ஃபால்ட் எதுவும் இல்லை.

"நல்லாத்தான இருக்கு, எதுக்குப் புதுசு?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா போன மாசம் 204ல கொசுவத்தி மெத்தையில விழுந்து ரூம் பூரா புகை. அப்பவும் கம்முனுதான் இருந்துச்சு."

கதவைத் திறந்தேன். இரண்டாம் மாடி சோன் டெர்மினலில் ஒயரே இல்லை. மஞ்சள், ஊதா, சிவப்பு வளையம் போட்ட, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே வைத்துத் திருகியிருந்தார்கள். மாடிக்குப் போகிற ஒயர் இரண்டும் டேப் சுற்றி மூலையில் மடங்கிக் கிடந்தன.

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை புரிந்த மாதிரி. சாதாரண, அதாவது கன்வென்ஷனல் பேனல், சோனுக்கு ஒரு ஜோடி ஒயரில் மின்சாரம் அனுப்பும். புகையையோ வெப்பத்தையோ உணரும் டிடெக்டர்கள் அதில் வரிசையாக நிற்கும், கடைசி டிடெக்டரில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். அதைத் தொழிலில் இ.ஓ.எல். (எண்ட் ஆஃப் லைன்) என்போம். அதன் வழியாகச் சொற்பக் கரண்ட் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ஓடும் வரை ஒயர் முழுசாக இருக்கிறது என்று பேனல் நம்பும். நின்றால் ஃபால்ட் காட்டும். புகை பட்ட டிடெக்டர் அதைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கும், அதுதான் அலாரம். கடைசியில் இருக்க வேண்டிய ரெசிஸ்டரைப் பேனலிலேயே மாட்டிவிட்டால் மாடியையே இடித்தாலும் பச்சை விளக்குதான் எரியும். ஃபால்ட் பீப் சத்தம் தாங்காமல் யாரோ ஒரு புண்ணியவான் செய்த வேலை. இந்தத் தொழிலுக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது, இதே வித்தையைக் கல்யாண மண்டபத்திலும் பார்த்திருக்கிறேன், ஜவுளி குடோனிலும் பார்த்திருக்கிறேன்.

அதனால் எதையும் வாங்குவதற்கு முன் பேனலைத் திறந்து, ஒவ்வொரு சோனுக்கும் ஒயர் உண்மையிலேயே போகிறதா என்று பாருங்கள். டெர்மினலில் ரெசிஸ்டர் இருந்தால் அந்த சோன் காலியாக இருக்க வேண்டும், அதாவது கட்டடத்தில் அதற்கு வேலையே இல்லாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கேதான் கோளாறு.

வேலையைத் தொடங்கும் முன் மேனேஜர், வாட்ச்மேன், சமையற்கட்டு, எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். பேனல் நிற்கும் நேரத்தில் மாடிக்கு ஒரு ஆள் சுற்றிக்கொண்டே இருக்கட்டும், கையில் போனும் 101 நம்பரும் இருக்கட்டும். லிஃப்ட்டோ ஏ.சி.யோ அலாரத்தோடு இணைந்திருந்தால் அந்த இணைப்பைத் தற்காலிகமாகக் கழற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். பேனலுக்குள் 230 வோல்ட் வருகிறது. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் கூட இல்லாமல் அந்தப் பக்கம் கை வைக்க வேண்டாம்.

அடுத்து லைன். சோன் ஒயர் இரண்டையும் பேனலிலிருந்து கழற்றி மல்டிமீட்டரை ஓமில் வையுங்கள். கடைசி ரெசிஸ்டர் 4.7 கிலோ ஓம் என்றால் மீட்டரும் அதற்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் நடுவில் அறுந்திருக்கிறது. சைபருக்குப் பக்கத்தில் நின்றால் ஷார்ட். பாதியாக, 2.3 என்று காட்டினால் யாரோ இரண்டு ரெசிஸ்டர் போட்டிருக்கிறார்கள். எல்லாப் பேனலுக்கும் 4.7 இல்லை. கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சிலவற்றில் ரெசிஸ்டருக்குப் பதில் கெப்பாசிட்டர் வரும். பேனல் புத்தகத்தில் போட்டிருப்பதை மட்டும் போடுங்கள். டிடெக்டர்கள் மாட்டியிருக்கும்போது இன்சுலேஷன் பார்க்கும் மெக்கரை வைக்கவே கூடாது. அது 500 வோல்ட் தள்ளும், ஒரே அழுத்தில் மாடி முழுக்க டிடெக்டர் போய்விடும். என் கூட வேலை பார்த்த தம்பி ஒருவன் அப்படிப் பதினோரு டிடெக்டரை அனுப்பிவைத்தான். அவன் சம்பளத்தில் நான் கை வைக்கவில்லை, ஆனால் இன்றைக்கும் மெக்கரைத் தொடும் முன் என் முகத்தைப் பார்ப்பான்.

இந்த லாட்ஜில் இரண்டாம் மாடி லைன் அறுந்திருந்தது. எங்கே என்று தேட ஒரு சுலப வழி உண்டு. வரிசையின் நடுவில் ஒரு டிடெக்டரின் தலையைக் கழற்றி, சீலிங்கிலேயே நிற்கும் அதன் பேஸிலிருந்து இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். கோளாறு உள்ள பாதி தெரிந்துவிடும், அதையும் பாதியாக்குங்கள். நான்காவது தடவையில் பாத்ரூம் டக்ட்டுக்குள் ஒரு ஜாயின்ட்டில் போய் நின்றோம். வெறும் டேப் சுற்றிய ஜாயின்ட். எலி கடித்துச் செம்பு வெளியே பல்லிளித்தது. அந்தத் துண்டை அப்படியே நீக்கி, பேஸிலிருந்து பேஸுக்கு ஜாயின்ட் இல்லாமல் 1.5 சதுர மில்லிமீட்டர் ஃபயர் சர்வைவல் கேபிளை, அதாவது தீயிலும் கொஞ்ச நேரம் தாங்கும் கேபிளை இழுத்தோம். ஜாயின்ட் தவிர்க்க முடியாவிட்டால் டெர்மினல் வைத்த பெட்டிக்குள் போடுங்கள், மூடியில் "ஃபயர்" என்று எழுதுங்கள்.

பேட்டரிதான் உண்மையில் அடிக்கடி மாற்ற வேண்டிய பொருள். 12 வோல்ட், 7 ஏ.எச். (ஆம்பியர்-அவர்) சீல்டு பேட்டரி இரண்டு தொடராக நின்று 24 வோல்ட் தரும். மூன்றிலிருந்து ஐந்து வருஷம் ஆயுள் என்பார்கள். அது 25 டிகிரிக் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்தில், இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் மாட்டிய பேனலில் அது எவ்வளவு நாள் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். நான் இங்கே மூன்று வருஷத்துக்கு மேல் விடுவதில்லை. ஒன்று மட்டும் வீக் என்றாலும் இரண்டையும் ஒரே கம்பெனியில், ஒரே தேதியில் வாங்கி மாற்றுங்கள். புதுசும் பழசும் சேர்ந்தால் பழசு புதுசையும் இழுத்துக்கொண்டு போகும்.

பெரும்பாலான பேனல்களில் கழற்றும்போது முதலில் பேட்டரி, பிறகு மெயின்ஸ். மாட்டும்போது முதலில் மெயின்ஸ், பிறகு பேட்டரி. சார்ஜில் இருக்கும்போது இரண்டும் சேர்ந்து 27.3 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும். சோதனைக்கு மெயின்ஸை நிறுத்திவிட்டு எல்லா ஹூட்டரையும் (அலறும் சைரன்) அடிக்கவிட்டு அரை மணி நேரம் மீட்டரைப் பாருங்கள். 21க்குக் கீழே இறங்கினால் அந்த பேட்டரி குப்பைக்கு. குப்பை என்றால் பழைய இரும்புக்காரரிடம் இல்லை, விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். புது பேட்டரியின் முதுகில் மாட்டிய தேதியை மார்க்கரால் எழுதுங்கள்.

ஏ.எச். போதுமா என்று பார்ப்பதும் கஷ்டமில்லை. சும்மா இருக்கும்போது பேனல் 150 மில்லி ஆம்பியர் இழுத்தால் 24 மணிக்கு 3.6 ஏ.எச். ஹூட்டர் அடிக்கும் அரை மணிக்கு, ஒரு ஆம்பியர் என்று வைத்தால், 0.5. மொத்தம் 4.1, அதோடு கால் பங்கு கூட்டினால் 5 சொச்சம். 7 போதும். ஹூட்டர் கூட்டினால் இந்தக் கணக்கை மறுபடி போடுங்கள். யாரும் போடுவதில்லை.

டிடெக்டருக்கு வருவோம். ஒவ்வொன்றின் முதுகிலும் தயாரித்த வருஷம் இருக்கும். பத்து வருஷம் தாண்டியதை மாற்றிவிடுங்கள், சுத்தம் செய்து ஓட்டுவது வேண்டாம். இங்கே எல்லாம் 2011. அதில் 307ஆம் ரூமில் ஒன்று ஆரஞ்சு நிறத் தூசி மூடியோடு இருந்தது. பெயின்ட் வேலை முடியும்வரை போட்டு வைக்கிற மூடி. மாட்டிய நாளிலிருந்து யாரும் கழற்றவில்லை. அந்த ரூமில் அத்தனை வருஷம் படுத்தவர்களை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. இன்னும் மூன்றின் மேல் பெயின்ட்டர் வெள்ளை அடித்திருந்தார். பெயின்ட் பட்டது வயசைப் பார்க்காமல் போக வேண்டியதுதான்.

வயசு ஆகாதது அநாவசியமாக அடித்தால் உள்ளே சிலந்தியும் எறும்பும் தூசியும்தான் காரணமாக இருக்கும். வேக்குவம் போட்டு இழுங்கள், ஈரத்துணி வேண்டாம். பழைய வகையில் அயனைசேஷன் டிடெக்டர் இருந்தால் உடைக்காதீர்கள். உள்ளே அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் துளியூண்டு இருக்கும், சப்ளையரிடம்தான் திருப்ப வேண்டும்.

மாற்றும்போது பேனலுக்குப் பொருந்தும் மாடலையே வாங்குங்கள். ஒரு கம்பெனி பேஸில் இன்னொரு கம்பெனி தலை சில சமயம் அழகாகத் திருகி உட்காரும், ஆனால் பேனலோடு பேசாது. ஒரு சோனை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். முதலில் அந்த சோனை மட்டும் பேனலில் ஐசொலேட் செய்து, அதாவது தற்காலிகமாக முடக்கி, தலைகளை மாற்றி, கடைசிப் பேஸில் ரெசிஸ்டரைப் போட்டு, பிறகு அந்தக் கடைசித் தலையையே கழற்றிப் பாருங்கள். பெரும்பாலான பேஸில் தலை போனதும் லைன் அறுந்து பேனல் ஃபால்ட் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ரெசிஸ்டர் தப்பான இடத்தில் இருக்கிறது.

எங்கே எந்த வகை என்பதிலும் நிறையத் தப்பு நடக்கிறது. சமையற்கட்டில் ஸ்மோக் டிடெக்டர் வைத்தால் தாளிப்புக்கே அடிக்கும். இரண்டு நாளில் யாராவது ஹூட்டர் ஒயரைப் பிடுங்குவார்கள். அங்கே 57 டிகிரி ஹீட் டிடெக்டர் போடுங்கள். பூஜை மாடத்துக்குப் பக்கத்தில் சாம்பிராணிப் புகை வரும், அங்கே புகையும் வெப்பமும் சேர்த்துப் பார்க்கும் மல்டி சென்சார் நல்லது. அந்த மாடலைப் பேனல் ஏற்கிறதா என்று முதலில் பாருங்கள். சுவரிலிருந்து அரை மீட்டராவது தள்ளி வையுங்கள், ஃபேன் காற்று நேரே அடிக்கும் இடமும் ஆகாது.

ஹூட்டரில் ஒரு சூட்சுமம். சும்மா இருக்கும் நேரத்தில் பேனல் அந்த லைனுக்குப் பிளஸ் மைனஸை மாற்றி அனுப்பி ஒயரைக் கண்காணிக்கும். ஹூட்டருக்குள் ஒரு திசையில் மட்டும் கரண்ட்டை விடும் டையோடு இருப்பதால் அது அடிக்காது. அலாரம் வந்ததும் பேனல் துருவத்தைத் திருப்பும், ஹூட்டர் அலறும். சிவப்பையும் கறுப்பையும் மாற்றி மாட்டினால் தீப்பிடிக்கும்போது மட்டும் அது ஊமையாகிவிடும். அதனால் ஹூட்டரை மாட்டியதும் அடித்துப் பாருங்கள். படுக்கை ரூம் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலின் தலைமாட்டில் 75 டெசிபல் கேட்க வேண்டும். போன் ஆப்பில் தோராயமாகத் தெரியும். காரிடாரில் காது கிழியும், ரூமுக்குள் ஏ.சி. சத்தத்தில் அமுங்கிப்போகும். இந்த லாட்ஜில் மாடிக்கு ஒரு ஹூட்டர் கூட்ட வேண்டியிருந்தது.

அப்கிரேடு என்றால் எல்லோரும் அட்ரஸபிள் பேனலைத்தான் கேட்பார்கள். 2018 பிப்ரவரி 2 ராத்திரி மீனாட்சியம்மன் கோவில் வீரவசந்தராயர் மண்டபக் கடைகள் எரிந்த பிறகு கொஞ்ச நாள் எனக்கும் அதே பேச்சுத்தான். நல்ல பொருள்தான். "இரண்டாம் மாடி" என்று சொல்லாமல் "204" என்று நேரே சொல்லும். ஆனால் லூப்பாகப் போய்ப் பேனலுக்கே திரும்பும் கேபிள் வேண்டும், நடுவில் ஷார்ட் ஆன பகுதியைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் வேண்டும். இருக்கிற ஒயரில் தலையை மட்டும் மாற்றினால் ஆகாது. சீலிங்கை உடைக்கிற அன்றைக்கு அதைச் செய்துகொள்ளலாம்.

அதுவரைக்கும் நான் சொல்வது கதவுக்கு மேலே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு, ரெஸ்பான்ஸ் இண்டிகேட்டர். டிடெக்டர் பேஸில் அதற்கென்று ஒரு டெர்மினல் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு வாட்ச்மேன் மாடி ஏறினால் எந்தக் கதவு என்று காரிடார் முனையிலிருந்தே தெரியும், பதினாலு ரூமைத் தட்ட வேண்டாம். முதலாளிக்கு இந்த யோசனை உடனே பிடித்துவிட்டது, செலவு குறைவு என்பதால்தான் என்று நினைக்கிறேன். பேனல் போர்டு நன்றாக இருந்ததால் அதையே வைத்துக்கொண்டோம்.

சோதனைக்கு ஊதுபத்தி வேண்டாம், அதன் பிசின் உள்ளே படியும். இதற்கென்று விற்கும் டெஸ்ட் ஸ்ப்ரேயை வாங்குங்கள். ஒவ்வொரு தலைக்கும் அடியுங்கள், ஒன்றைக்கூட விடாதீர்கள். கண்ணாடியை உடைத்துக் கையால் அலாரம் அடிக்கும் எம்.சி.பி.களை (மேனுவல் கால் பாயின்ட்) அதற்கான சாவி போட்டுப் பாருங்கள். எங்கள் வேலை கொடியேற்றத்துக்கு முந்தின நாள் முடிந்தது. கடைசியாக 204. ஸ்ப்ரே அடித்துப் பத்து விநாடி சும்மா இருந்தது, மேனேஜர் என்னைப் பார்த்தார். பிறகு மூன்று மாடியும் அலறியது. சமையற்காரர் தோசைக் கரண்டியோடு வெளியே ஓடி வந்தார்.

பேனல் கதவின் உள்பக்கம் நோட்டு ஒன்று தொங்கவிட்டேன். தேதி, மாற்றிய தலைகளின் எண்ணிக்கை, பேட்டரி வோல்ட், எந்த சோனின் ரெசிஸ்டர் எந்த ரூமில் என்று எழுதினேன். முதல் பக்கத்தில் பேனலிலிருந்து கழற்றிய அந்த ரெசிஸ்டரைச் செல்லோ டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் "இதை மறுபடி இங்கே மாட்டாதே" என்று எழுதி வைத்தேன்.