மலிவு மைக்கா, எஸ்எம்58-ஆ? கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ஃபிளாட்டில் பாட்டுப் பதிவு

மலிவு கண்டென்சர் மைக் (மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் வகை) இரைந்தால் உடனே மைக்கைத் திட்ட வேண்டாம். பெட்டியோடு வரும் 3.5 மி.மீ. ஒயரை லேப்டாப்பில் செருகினால் அதற்குக் கிடைப்பது சில வோல்ட்தான். மூன்று முனை எக்ஸ்எல்ஆர் கேபிளுக்கு மாறி, மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் ஃபேண்டம் பவரை (கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம்) போட்டதும் பெரும்பாலான இரைச்சல் அடங்கியது.

ஒப்பிடும்போது ஒலி அளவு சமமாக இருக்கணும். கொஞ்சம் சத்தமாக இருப்பதை நல்ல மைக் என்று காது நம்பிவிடும். இந்த மலிவு மைக், ஷூர் எஸ்எம்58 இரண்டையும் வாயிலிருந்து 15 செ.மீ. தள்ளி வைத்து, ஒரே பல்லவியைப் பாடி, உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நிற்கும்படி கெய்ன் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) திருப்பினேன். மலிவு மைக்கில் 'ச', 'ஷ' காதைக் குத்தின. ஈக்வலைசரில் (ஒலியின் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைப்பது) 7 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் குறைத்ததும் சரியானது. ஆனால் மோனோரயில், காத்தாடி, பக்கத்து வீட்டு குக்கர் விசில் எல்லாமே உள்ளே விழுந்தன. அதை ஈக்வலைசரால் எடுக்க முடியாது.

எஸ்எம்58 டைனமிக் மைக், அதாவது வெளி மின்சாரம் இல்லாமலே வேலை செய்யும் வகை. 5 செ.மீ. நெருங்கிப் பாடினால் அறைச் சத்தம் ஒதுங்கும். அடித்தொனி வீங்கும், அதனால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டணும். கெய்னும் நிறையக் கேட்கும். வீணைக்கு, தெரு அடங்கிய பிறகு, கண்டென்சரே என் தேர்வு. பதிவு முடிந்ததும் அதைச் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். நம்ம ஊர் ஈரத்தில் கேப்சூல் (மைக்கின் ஒலி பிடிக்கும் பாகம்) படபடக்கும்.