25 பவுண்டர் பீரங்கி: 1/35 கிட்டை 1942 பாலைவனப் பீரங்கியாக மாற்றுவது எப்படி

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யும் மாடல் கிட்டைத்தான் சொல்கிறேன், 1/35 என்றால் நிஜத்தில் 35-இல் ஒரு பங்கு அளவு. முதல் கிட்டுக்கே டாங்கி வாங்காதீர்கள். சங்கிலிச் சக்கரம் ஒட்டியே அலுத்துவிடும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படை நம்பியிருந்த 25 பவுண்டர் பீரங்கியில் பாகங்கள் குறைவு, சக்கரமும் இரண்டே. அடியில் வட்டமான ஒரு மேடை இருக்கும், அதன்மேல் பீரங்கியை எந்தத் திசைக்கும் சட்டென்று திருப்பலாம். அந்த வட்டம்தான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பாகம்.

பெட்டியைப் பிரித்ததும் பாகங்களை, அவை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தோடு சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள், அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயின்ட் பிடிக்காது. கட்டரால் வெட்டும்போது ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவி, 400, அப்புறம் 800 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். ஃபெவிக்விக் வேண்டாம். பிளாஸ்டிக் மாடலுக்கென்றே விற்கும் தண்ணீர் போன்ற பசையை, இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இடுக்கில் பிரஷ்ஷால் தொட்டால் போதும், தானே உள்ளே ஓடிவிடும்.

குழல் இரண்டு பாதியாக வந்தால் ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். நான் பொறுமையில்லாமல் இரண்டு மணி நேரத்தில் தேய்த்து, கோடு மறுபடி பள்ளமாக விழுந்து, பள்ளத்தை நிரப்பும் புட்டிப் பசை வைத்துத் திரும்பத் தேய்க்க வேண்டியதாயிற்று.

இனி மாற்றம். கிட்டில் குழல் முனையில் மசில் பிரேக் (சுடும்போது பீரங்கி பின்னால் உதைப்பதைக் குறைக்கும் பாகம்) இருந்தால் அதை வெட்டிவிட வேண்டும். டாங்கியைத் துளைக்கும் குண்டைக் கூடுதல் மருந்தோடு சுடும்போது பீரங்கி நிலைகுலையாமல் இருக்கப் பின்னால் சேர்த்தது அது. 1942 அக்டோபரில் எகிப்துப் பாலைவனத்தில் நடந்த எல் அலமைன் போரின் படங்களில் பார்த்தால் முனை பொதுவாக வெறுமையாகத்தான் இருக்கும். பிரேக் குழலோடு சேரும் இடத்தில் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி, அதன் விளிம்பை ஒட்டி மெல்லிய ரம்பத்தால் குழலை உருட்டி உருட்டி அறுங்கள், ஒரே பக்கம் அழுத்தினால் கோணலாகும். நிஜக் குழலின் வாய் 87.6 மி.மீ., 35-ஆல் வகுத்தால் சரியாக 2.5 மி.மீ. ஊசியால் நடுவில் ஒரு குழி போட்டு, 1 மி.மீ. பிட்டால் வழி பண்ணிக்கொண்டு, அப்புறம் 2.5 பிட்டைக் கையாலேயே திருகுங்கள். மோட்டார் வைத்தால் பிளாஸ்டிக் உருகிவிடும்.

முன்னால் நிற்கும் கேடயத் தகடு பெரும்பாலும் தடிமனாக இருக்கும். ஒரு மில்லிமீட்டர் என்றால் நிஜத்தில் மூன்றரை சென்டிமீட்டர், அவ்வளவு கனமான தகட்டைப் பீரங்கிக் குழுவின் ஆறு பேர் எங்கே தள்ளுவது! முழுவதும் தேய்க்க வேண்டாம், பின்பக்கம் ஓரத்தை மட்டும் கத்தியால் சரிவாகச் சீவினால் கண்ணுக்கு மெல்லிய இரும்பாகவே தெரியும்.

முதலில் அடிப்பூச்சாகச் சாம்பல் பிரைமர், அதன்மேல் லைட் ஸ்டோன் மணல் நிறம், மெல்லிய இரண்டு பூச்சு. காய்ந்ததும் நீர்த்த பழுப்பு எண்ணெய்ப் பெயின்டை ஆணித் தலைகளைச் சுற்றியும் மூலைகளிலும் மட்டும் விடுங்கள். துருவை அள்ளிப் பூசாதீர்கள், பாலைவனக் காற்று காய்ந்தது. சக்கரத்திலும் வட்ட மேடையிலும்தான் புழுதி அப்பியிருக்க வேண்டும், குழலின் வாய்க்கு உள்ளே கறுப்பு.