'லார்ட் ஆஃப் த ஃபிளைஸ்' படத்தைப் பதின்வயதுப் பிள்ளைகளுக்குத் திரையிடுவது எப்படி?

பீட்டர் புரூக் 1963-இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தைச் சொல்கிறேன். 1990-இல் வண்ணத்திலும் ஒன்று வந்தது. வகுப்பறைக்கு அது வேண்டாம். புரூக்கின் படத்தில் நடித்தவர்கள் பள்ளிச் சிறுவர்கள், நடிப்பில் பழகாதவர்கள். அவர்களுடைய கூச்சமும் தடுமாற்றமும் அப்படியே திரையில் இருக்கின்றன. அதனால் என் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் அவர்களைக் கதாபாத்திரங்களாகப் பார்ப்பதில்லை, பக்கத்து பெஞ்சுக்காரர்களாகப் பார்க்கிறார்கள். படம் உலுக்குவதும் அதனால்தான்.

விமானம் விழுந்து, பெரியவர்கள் எவருமில்லாத தீவில் ஆங்கிலேயச் சிறுவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். ரால்ஃபைத் தலைவனாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், விதிகள் போடுகிறார்கள். பிறகு கூட்டம் பிளக்கிறது. ஜாக்கின் வேட்டையாடும் கூட்டம் கொலைவரை போகிறது. வில்லியம் கோல்டிங் 1954-இல் எழுதிய நாவல் இது. அவரே பள்ளி ஆசிரியர், இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர். சிறுவர்களையும் போரையும் பக்கத்திலிருந்து பார்த்த மனிதரின் கதை.

ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே காட்டாதீர்கள். படம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். காலை முதல் பாடவேளைகளில் போடுங்கள். கடைசி மணியில் போட்டால், பார்த்ததைச் சுமந்துகொண்டு பிள்ளைகள் தனியாக வீட்டுக்குப் போவார்கள். பேச ஆள் இருக்காது. ரால்ஃப், ஜாக், பிக்கி, சைமன், ரோஜர் என்ற ஐந்து பெயர்களையும் கரும்பலகையில் எழுதி வையுங்கள். முகத்தில் சாயம் பூசிக்கொண்ட பிறகு யார் எவன் என்று குழம்பும். ஆங்கில வசன வரிகளையும் போட்டுவிடுங்கள், உச்சரிப்பு நம் பிள்ளைகளுக்குப் பிடிபடாது.

இரண்டு சிறுவர்கள் கொல்லப்படுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கதையின் சுவை கெடும் என்று சக ஆசிரியர்கள் வாதிடுவார்கள். நான் ஏற்பதில்லை. விடுதியிலோ தெருவிலோ கூட்டமாக அடிவாங்கிய பிள்ளை ஒன்று அந்த அறையில் இருக்கலாம். எழுந்து வெளியே போக விரும்பினால் போகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதையும் சொல்லுங்கள். விளக்குகளை முழுவதும் அணைக்காதீர்கள்.

இனி முக்கியமான இடம். பள்ளியில் தன்னைப் 'பிக்கி' (பன்றிக்குட்டி) என்று கேலி செய்வார்கள் என்று, பின்னால் கொல்லப்படப்போகும், குண்டான, கண்ணாடி போட்ட சிறுவன் ரால்ஃபிடம் நம்பிச் சொல்கிறான். ரால்ஃப் அதை எல்லார் முன்னாலும் போட்டு உடைக்கிறான். தீவில் எல்லாரும் சிரிக்கிறார்கள். உங்கள் வகுப்பும் சிரிக்கும். அதட்டாதீர்கள், படத்தை நிறுத்தாதீர்கள், யார் சிரித்தது என்று பார்க்கவும் வேண்டாம். படம் முடிந்த பிறகு ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்தக் கொலைகள் எந்தக் காட்சியில் தொடங்கின?" முதலில் ஜாக்கின் கத்தியைச் சொல்வார்கள், அப்புறம் முகச்சாயத்தை. பின்னோக்கி நகர்ந்து நகர்ந்து, யாரோ ஒருவர் அந்தச் சிரிப்பைச் சொல்வார். அறை அமைதியாகும். அந்த அமைதியை நீங்கள் பேசி நிரப்பாதீர்கள். இந்தப் படத்தைக் காட்டுவதே அந்த நேரத்துக்காகத்தான் என்று நான் நம்புகிறேன்.

இடையில் ஒரே ஒரு முறை நிறுத்துங்கள். தீவின் மலையில் ஒரு மிருகம் இருப்பதாகச் சிறுவர்கள் பயப்படுகிறார்கள். இரவில் தீயைச் சுற்றி ஆடும்போது, இருளிலிருந்து வரும் சைமனை அந்த மிருகமென்று கொல்கிறார்கள். மலையில் இருப்பது மிருகமல்ல, இறந்துபோன மனிதன் என்று சொல்ல வந்தவன் அவன். அந்த ஆட்டத்தின் நடுவே நிறுத்தக் கூடாது. தாளமும் கூச்சலும் ஏறுவதைப் பிள்ளைகள் தங்கள் உடம்பில் உணர வேண்டும். மறுநாள் ரால்ஃபும் பிக்கியும் அதைப் பற்றிப் பேசுவார்கள். அங்கே நிறுத்துங்கள். நல்லவர்களாக நாம் நினைத்த அந்த இருவரும் முந்தைய இரவு அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்கள். தாங்கள் வெளிவட்டத்தில் நின்றதாகப் பிக்கி சமாதானம் தேடுவான். ஆளுக்கொரு காகிதம் கொடுத்து, பெயர் போடாமல் எழுதச் சொல்லுங்கள்: இதுவரை எந்த இடத்தில் யார் 'வேண்டாம்' என்று சொல்லியிருக்க முடியும், சொல்லியிருந்தால் அவனுக்கு என்ன நேர்ந்திருக்கும்?

"நீ அங்கே இருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். அத்தனை பேரும் தடுத்திருப்போம் என்பார்கள், பேச்சு அங்கேயே செத்துவிடும். அதற்குப் பதில் உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் அமெரிக்காவில் செய்த சோதனையைச் சொல்லுங்கள். கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய வேலை. சுற்றியிருப்பவர்கள் வேண்டுமென்றே தவறாகச் சொன்னபோது, கண்ணால் கண்டதை விட்டுவிட்டுப் பலர் கூட்டத்தோடு போனார்கள். ஆனால் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னாலும், கூட்டத்தோடு போவது வெகுவாகக் குறைந்தது. சாம், எரிக் என்ற இரட்டையர்களைப் பற்றிப் பேச இதுவே நல்ல வழி. அவர்கள் இருவராக இருந்தும் ஜாக்கின் கூட்டத்துக்கு ஏன் பணிந்தார்கள் என்று பிள்ளைகளே வாதிடட்டும்.

மனித இயல்பே இதுதான் என்ற முடிவோடு அவர்களை அனுப்பாதீர்கள். 1965-இல் டோங்கா நாட்டுப் பள்ளி மாணவர்கள் ஆறு பேர் படகெடுத்துப் போய், புயலில் சிக்கி, ஆட்டா என்ற ஆளில்லாத் தீவில் ஒதுங்கினார்கள். ஓராண்டுக்கும் மேல் அங்கே இருந்தார்கள். வேலைகளைப் பங்கிட்டார்கள், தீயை அணையாமல் காத்தார்கள், கால் முறிந்த நண்பனைப் பார்த்துக்கொண்டார்கள். 1966-இல் ஆஸ்திரேலியரான பீட்டர் வார்னர் மீட்டபோது ஆறு பேரும் உயிரோடு இருந்தார்கள். இதை அன்றே சொல்லுங்கள், மறுநாளுக்குத் தள்ளாதீர்கள்.

காகிதங்களை வகுப்பில் உரக்கப் படிக்க வேண்டாம். சிலர் தீவை விட்டுவிட்டுத் தங்களுக்கு நடந்ததை எழுதியிருப்பார்கள். பெயர் இல்லாததால் கையெழுத்தை வைத்துத் துப்பறியவும் வேண்டாம். இன்னும் ஒரு வாரம் உணவு இடைவேளையில் நூலகத்தில் இருப்பேன், யாரும் வரலாம் என்று பொதுவாக அறிவியுங்கள். வருகிற பிள்ளையிடம், எதை யாரிடம் சொல்லப்போகிறீர்கள் என்பதை முதலில் அந்தப் பிள்ளையிடமே சொல்லிவிட்டு, அதன் பிறகு தலைமையாசிரியரிடம் போங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, அந்த வாரம் முழுக்க அழிக்காமல் வைத்திருங்கள்.